சான்றிதழ்க் கோப்பும் விடைத்தாள் கட்டும்

கேள்வி: தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எம்.காம்., எம்.ஃபில்., நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி. முதலாண்டு பி.காம். வகுப்பில் 65 பேர். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்த, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது மேம்" என்கிறார்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போது எதுவுமே புரியவில்லை என்று தெரிகிறது. சென்ற பருவத்தில் மாணவர் கருத்துப் படிவத்தில் எனக்கு மதிப்பெண் குறைந்தது. "இரண்டு எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) போய்வாருங்கள்" என்றார் துறைத்தலைவர். ஏற்கெனவே இருபதுக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் கோப்பில் இருக்கின்றன. அத்தனையும் இணையவழியில் வாங்கியவை. எந்தப் பயிற்சிக்குப் போனால் உண்மையிலேயே நன்றாகப் பாடம் நடத்த வரும்? பி.எட். படிக்கலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. நீண்ட நாள் வெளியூர் போக இயலாது.

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பி.எட். வேண்டாம். 2015இல் அது இரண்டாண்டுப் படிப்பாக்கப்பட்டது. பள்ளி வகுப்பறையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. பள்ளி வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். இப்போது இருக்கும் சிக்கலுக்கு அது மருந்தாகாது.

ஆனால் அப்படிக் கேட்கத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர ஆசிரியர் பயிற்சி வேண்டும், தகுதித் தேர்வும் எழுத வேண்டும். பி.காம். மாணவருக்குக் கணக்குப்பதிவியல் நடத்த அப்படி எதுவும் வேண்டியதில்லை. நெட் முதல் தாளின் 50 கேள்விகளில் ஒரு சிலவற்றோடு சரி. அதன் பிறகு கற்பித்தலைப் பற்றி உங்களிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். சேர்ந்த அன்றே பாடத்திட்டத்தையும் வருகைப் பதிவேட்டையும் கையில் கொடுத்து, "மூன்றாவது மணி பி.காம். முதலாண்டு, போங்கள்" என்று அனுப்பியிருப்பார்கள். தாம் படித்த காலத்தில் தமக்குப் பிடித்த ஓர் ஆசிரியர் எப்படி நடத்தினாரோ அப்படி நடத்தத் தொடங்குவதுதான் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைத்த பயிற்சி. அந்த ஆசிரியரைப் பிடித்திருந்த நாம் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் இருந்தோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்தக் குறை அரசுக்குத் தெரியாததன்று. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்று பலகை மாறியது. பலகை மாறிய அளவுக்கு உள்ளே நடப்பது மாறியிருக்கிறதா என்பது மையத்தை நடத்துபவரைப் பொறுத்தது. 2018ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் முதல் படி உயர்வு பெறக் கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சுயநிதிப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இன்று அந்தப் படி உயர்வு கைக்கெட்டாத ஒன்றாக இருக்கலாம். நாளை வேறிடத்துக்கு விண்ணப்பித்தால் அந்தச் சான்றிதழ் கணக்கில் வரும். ஆகவே அதை ஒரு முறை முடித்துவிடுங்கள். இணையவழியிலும் நடத்துகிறார்கள் என்பதால் குழந்தையை விட்டுப் போக வேண்டியதில்லை. மற்றபடி, கோப்பில் இருபதுக்கு மேல் இருக்கிறது. இருபத்தைந்தானாலும் உங்கள் வகுப்பு இதே வகுப்பாகத்தான் இருக்கும்.

காரணம் இதுதான். ஒரு வார எஃப்.டி.பி.யில் வணிகவியலாரும் விலங்கியலாரும் தமிழ்த் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக எதைச் சொல்ல முடியுமோ அதைத்தான் பேச வந்தவர் சொல்ல முடியும்: மாணவரை மையப்படுத்துங்கள், தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துங்கள், கற்றலின் நிலைகளை அடுக்கிக் காட்டும் புளூமின் படிநிலையை மறவாதீர்கள். எல்லாம் சரியான பேச்சுதான். திங்கட்கிழமை இரண்டாவது மணியில் தேய்மானம் நடத்தப் போகும் உங்களுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர், பாட அறிவும் பொதுவான கற்பித்தல் அறிவும் சேர்ந்தால் மட்டும் ஆசிரியர் உருவாகிவிடமாட்டார், இடையில் மூன்றாவதாக ஓர் அறிவு வேண்டும் என்றார். ஒரு குறிப்பிட்ட பாடத்தின் எந்த இடத்தில் கற்பவர் தடுக்கி விழுவார், அங்கே எந்த உதாரணம் எடுபடும், எது இன்னும் குழப்பும் என்கிற அறிவு அது. இதை யாரும் பொதுவாகக் கற்றுத்தர முடியாது. உங்கள் பாடத்தில், உங்கள் பிள்ளைகளிடமிருந்து, நீங்கள்தான் சேகரிக்க வேண்டும்.

சேகரிக்கும் இடம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. திருத்தி முடித்து, மதிப்பெண்ணைப் பதிவேற்றிவிட்டு, மூட்டை கட்டி வைக்கிறீர்களே, அந்த விடைத்தாள் கட்டுதான்.

தேய்மானத்தையே, அதாவது ஒரு சொத்தின் விலையை அதன் ஆயுள் முழுதும் பிரித்துச் செலவாகக் காட்டுவதையே, எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய் இயந்திரம், பத்தாண்டு ஆயுள், இறுதி மதிப்பு எதுவுமில்லை, ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறை. ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று வகுப்பில் பாதிப் பேர் போட்டுவிடுவார்கள். குறிப்பேட்டுப் பதிவும் எழுதிவிடுவார்கள். இப்போது அதே பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: "ஐந்தாம் ஆண்டு முடிவில், இதுவரை தேய்மானமாக எழுதிய ஐம்பதாயிரம் ரூபாய் எங்கே இருக்கிறது?" வங்கியில் என்பார் ஒருவர். புது இயந்திரம் வாங்கத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பார்கள் பலர். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் இதில் இருப்பார்கள். அது எங்கும் பணமாக இல்லை; இயந்திரத்துக்கு என்றோ கொடுத்துவிட்ட விலையில் இதுவரை செலவாகக் காட்டிய பகுதி, அவ்வளவுதான் என்று சொல்பவர் மிகச் சிலரே. தேய்மானத்துக்கு ஈடாகத் தனியே பணத்தை முதலீடு செய்துவரும் முறை ஒன்றும் அதே பாடத்தில் வருவதால் குழப்பத்துக்கு நல்ல ஊட்டமும் கிடைக்கிறது. இந்த முடிச்சு அவிழாத பிள்ளை மூன்றாம் ஆண்டில் நிதி ஓட்ட அறிக்கை படிக்கும்போது, நிகர லாபத்தோடு தேய்மானத்தை ஏன் கூட்டுகிறோம் என்று தெரியாமல் வாய்பாடாக மனப்பாடம் செய்யும். அங்கே பாடம் நடத்துபவர் "அடிப்படையே சரியில்லை" என்று உங்களைக் குறை சொல்வார்.

அடுத்த உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். 65 தாள்களிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காமல், தவறுகளை மட்டும் வகை பிரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட்டல் பிழை, கேள்வியைப் படிக்காத பிழை, ஆங்கிலச் சொல் புரியாத பிழை, கருத்தே தலைகீழான பிழை. தவறுகள் 65 விதமாக இருக்காது. நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். அவற்றில் கருத்துப் பிழைகள்தாம் உங்கள் சொத்து. மூன்று பருவங்களுக்கு இந்த நோட்டை எழுதிவந்தால், எந்தப் பயிற்சி மையத்திலும் இல்லாத ஒரு பாடநூல் உங்களிடம் இருக்கும்.

இனி அந்த "புரிந்ததா?". கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அறுபது பேர் முன்னால் "புரியவில்லை" என்று எழுந்து சொல்லும் தைரியம் உங்களுக்கும் எனக்கும் அந்த வயதில் இருந்ததா? மேலும், அந்தக் கேள்விக்குப் பிறகு நாம் காத்திருப்பதும் இல்லை. மேரி பட் ரோ என்பவர் 1970களில் அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். பிறகு தாங்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது சொல்லக் குறைவுதான்; கரும்பலகை முன்னால் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும்.

அதற்குப் பதிலாகத் தேய்மானக் கேள்வி போல ஒன்றை, நான்கு விடைகளோடு பலகையில் எழுதிப் போடுங்கள். தவறான விடைகளை நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம், விடைத்தாள் நோட்டிலிருந்து எடுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தம் விடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சருகே விரலால் காட்ட வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செம்மைப்படுத்திய முறை இது. அவர் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. சுமார் 30 விழுக்காட்டுக்கும் குறைவானோர் சரியாகச் சொன்னால், மறுபடி விளக்குங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள். இடைப்பட்ட எண்ணிக்கை வந்தால், வாயைத் திறக்காமல், "உங்களோடு உடன்படாத ஒருவரைப் பக்கத்தில் பிடித்து, உங்கள் விடைதான் சரி என்று புரியவையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். சரியான விடை கூடியிருக்கும். நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு, எந்த இடத்தில் புரியாமல் இருந்தது என்று நினைவிருக்கும். அது புரிந்து பல ஆண்டுகளான நமக்கு அந்த இடம் மறந்து போயிருக்கும்.

அவர்கள் அந்த மூன்று நிமிடமும் தமிழில்தான் பேசுவார்கள். பேசட்டும். "இங்கிலீஷில் டிஸ்கஸ் பண்ணுங்கள்" என்று கட்டளையிடும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், வகுப்பு மயானமாகிவிடும். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துத் தேறியவர்கள் இவர்கள். கணக்கியல் அவர்களுக்குத் தெரியும், பெயர்கள்தாம் மாறிவிட்டன. முதல் மாதம் பலகையின் ஓர் ஓரத்தில் இரு மொழிச் சொற்களையும் அடுத்தடுத்து எழுதி வையுங்கள். கருத்தைத் தமிழில் உடைத்த பிறகு, அதே விளக்கத்தை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். தேர்வுக்குத் தேவையான ஆங்கிலம் அந்த இரண்டு வாக்கியத்தில் வளரும்.

"சிலபஸ் யார் முடிப்பது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எல்லா வகுப்பிலும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு பாடம், ஒரு யூனிட், வாரத்துக்கு இரண்டு கேள்வி. இந்தப் பருவத்துக்கு அது போதும். ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்பில் மாணவர் தோல்வியடையும் வாய்ப்பு, மாணவரைச் செயல்பட வைத்த வகுப்பில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு என்று கண்டார்கள். அவை அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள். வணிகவியலுக்கும் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கணக்குப்பதிவியல், இலக்கிய வரலாற்றைக் காட்டிலும் இயற்பியலுக்கு நெருக்கமான பாடம். நான்கு நாள் முயன்று பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். இதனால் உங்கள் கருத்துப் படிவ மதிப்பெண் முதலில் இன்னும் குறையலாம். 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் பிறரும் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அழகான விரிவுரையும் மற்றவர்களுக்குத் தாமே முட்டி மோதித் தீர்க்கும் வகுப்பும் நடத்தினார்கள். தேர்வில் இரண்டாம் பிரிவினர் கூடுதலாக வாங்கினார்கள். "எவ்வளவு கற்றுக்கொண்டதாக உணர்கிறீர்கள்?" என்று கேட்டபோது முதல் பிரிவினர்தாம் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். சரளமான பேச்சைக் கேட்டால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். சமையல் நிகழ்ச்சி பார்த்தவருக்கு மீன்குழம்பு வைக்கத் தெரிந்துவிட்டதாகத் தோன்றுவது போல. எனவே பருவத்தின் முதல் வாரத்திலேயே ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று மாணவர்களிடம் பத்து நிமிடம் பேசிவிடுங்கள். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் இன்னொரு முறை பேசுங்கள்.

பருவ இறுதியில் வரும் அந்தப் படிவத்தை வைத்துத் தூக்கம் கெட வேண்டாம். மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்று 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்புக்காக நாம் தயாரிக்கும் கோப்புகளுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. உங்களுக்கு உதவக்கூடியது பருவத்தின் நடுவில் கேட்கும் கருத்து. ஆறாவது வாரத்தில் வேறு துறைத் தோழி ஒருவரை, ஆங்கிலத் துறையோ வரலாறோ, உங்கள் வகுப்புக்கு அரை மணி நேரம் அனுப்புங்கள். நீங்கள் வெளியே போய்விட வேண்டும். அவர் பிள்ளைகளை ஐந்தாறு பேராகப் பிரித்து இரண்டே கேள்வி கேட்கட்டும்: இந்த வகுப்பில் நீங்கள் கற்க எது உதவுகிறது, எதை மாற்றினால் இன்னும் உதவும். யார் சொன்னது என்று இல்லாமல், பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதி வரட்டும். அடுத்த வகுப்பில் நீங்கள் போய், "இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். "வேகமாகப் போகிறார்" என்று உங்கள் படிவத்தில் ஒரு வரி வந்திருக்கிறதே, அது பேச்சின் வேகமா, பலகையை அழிக்கும் வேகமா, கணக்கில் படிகளைத் தாண்டும் வேகமா? படிவம் சொல்லாது. இந்த அரை மணி சொல்லிவிடும்.

அதே தோழியை இன்னொரு நாள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். "நான் எப்படி நடத்தினேன்?" என்று கேட்காதீர்கள், "அருமை" என்பார், வேறென்ன சொல்வார். உங்களைப் பார்க்காமல் கடைசி இரண்டு பெஞ்சுகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் பேனா நின்றது, எப்போது நோட்டை மூடினார்கள், எப்போது நிமிர்ந்தார்கள் என்று குறித்துத் தரட்டும். பதிலுக்கு நீங்கள் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். துறைத்தலைவர் இதில் வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் உங்கள் ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவர். அவர் பின்னால் உட்கார்ந்தால் நீங்கள் நடத்துவது வேறு வகுப்பு.

பயிற்சிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நானே பலவற்றில் போய்ப் பேசியிருக்கிறேன். அங்கே கற்பித்தலைப் பற்றிய உருப்படியான பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான் நடக்கும். அறிவிப்பு வந்ததும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். நாளுக்கு மூன்று விருந்தினர் உரை, கடைசியில் ஒரு கூகுள் படிவம் என்றால், சான்றிதழ் தேவைப்பட்டாலொழிய விட்டுவிடுங்கள். பங்கேற்பவர் பத்து நிமிடம் பாடம் நடத்தி மற்றவர் குறைநிறை சொல்லும் அமர்வு இருக்கிறதா, உங்கள் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் கொண்டுவரச் சொல்கிறார்களா, ஒரு மாதம் கழித்து மறுபடி கூடுகிறார்களா? இவற்றில் ஒன்று இருந்தால்கூடப் போகலாம். பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ இருக்கும் உங்கள் நண்பர்களுக்குச் சென்னை தரமணியில் 1964 முதல் இயங்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கென்று அப்படி ஒரு தனி நிறுவனம் ஏன் இல்லை என்பதை யாராவது சட்டமன்றத்தில் கேட்டால் நன்றாக இருக்கும்.

துறைத்தலைவர் சொன்ன இரண்டு எஃப்.டி.பி.யில் ஒன்றுக்கு, விடுமுறையில் இணையவழியில் வரும் 21 நாள் பயிற்சியைக் காட்டிவிடுங்கள். இரண்டாவதுக்குப் பதிலாக, இந்தப் பருவத்தில் ஒரு யூனிட்டில் நீங்கள் என்ன மாற்றினீர்கள், முன்னும் பின்னும் அதே கேள்விக்குப் பிள்ளைகள் எப்படி விடையெழுதினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். தர உறுதிப் பிரிவினருக்கு இப்படிப்பட்ட தாள் பிடிக்கும். நாக் குழு வரும்போது 'சிறந்த நடைமுறை' என்ற தலைப்பில் போட அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள்.

துறைத்தலைவரிடம் கேட்க வேண்டிய உதவி ஒன்று உண்டு. உங்களுக்கும் அந்த வேறு துறைத் தோழிக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது எதிரெதிராக அமைய வேண்டும்: ஒருவருக்கு வகுப்பு இருக்கும்போது மற்றவருக்கு ஓய்வு மணி. இல்லாவிட்டால் ஒருவர் வகுப்புக்கு ஒருவர் போகவே முடியாது. ஜூன் மாதம் நேர அட்டவணை ஒட்டிய பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ஏப்ரலில், அதைத் தயாரிப்பவர் கையில் இன்னும் பென்சில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.